ஆயில் மூடியில் வெள்ளைப் பசை: கடற்காற்றைக் குறை சொல்லும் முன்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி பக்கம் கார் வைத்திருப்பவர்கள் எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்து, உள்பக்கம் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ கொழகொழவென்று பசை ஒட்டியிருப்பதைப் பார்த்தால் உடனே சொல்வது ஒன்றுதான்: "கடல் காத்துங்க, எல்லாத்தையும் அரிக்குது, ஆயிலையும் விடல." கதவின் அடிப்பாகம் துருப்பிடிப்பதற்கும், பிரேக் டிஸ்க் ஒரே ராத்திரியில் பழுப்பேறுவதற்கும் கடற்காற்றைத் திட்டலாம், நியாயம்தான். ஆயிலுக்குள் தண்ணீர் வந்த பழியை அதன் தலையில் போடுவதில் நியாயம் குறைவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓடி நின்ற எஞ்சின் ராத்திரியில் ஆறும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் காற்று உள்ளே போகும். 30 டிகிரியில், ஈரம் முழுக்க நிறைந்த காற்றாகவே இருந்தாலும் ஒரு லிட்டரில் 0.03 கிராம் தண்ணீர்தான் இருக்கும். ஒரு சொட்டுக்கும் குறைவு. ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாகும் தண்ணீர் அது. ஒரு கிலோ சிஎன்ஜி எரிந்தால் இன்னும் மோசம், இரண்டேகால் கிலோ தண்ணீர். பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். காலையில் சைலன்சர் முனையில் சொட்டுவது அதுதான், பயப்பட வேண்டியதில்லை. மிச்சம் கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக, எரிந்த புகையோடு சேர்ந்து கீழே ஆயில் சேம்பருக்குள் இறங்கும். புது எஞ்சினிலும் இறங்கும். நூற்றில் ஒரு பங்கு இறங்கியதாக வைத்துக்கொண்டாலும் லிட்டருக்கு 10 மில்லி, அதாவது 200 சொட்டு.

எஞ்சினும் ஆயிலும் நன்றாகச் சூடாக இருந்தால் இந்த ஆவி, எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாக, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குப் போய், திரும்பவும் சிலிண்டருக்குள் நுழைந்து வெளியேறிவிடும். சூடாகாவிட்டால் குளிர்ச்சியான இடமாகப் பார்த்துப் படியும். ஆயில் மூடி, எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் உள்பக்கம், ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக் போகும் குழாயின் மேல்பகுதி, இவைதான் அந்த இடங்கள். அங்கே ஆயிலோடு அடிபட்டுக் கலந்து பசையாகிறது.

கடற்காற்று என்று முடிவு கட்டிவிட்டால் அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். எஞ்சின் ஏன் சூடாகவில்லை என்று கேட்டால்தான் வழி பிறக்கும். இன்னொரு விஷயம். வெளிநாட்டு வீடியோக்களில் "குளிர்காலத்தில் இது சகஜம், துடைத்துவிட்டு ஓட்டுங்கள்" என்பார்கள். அவர்கள் ஊரில் தண்ணீர் உறையும் குளிர். நம் கரையில் மார்கழியிலும் ராத்திரி 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. இந்த வெப்பத்திலும் ஒரு எஞ்சின் ஈரத்தை விரட்ட முடியாமல் தவிக்கிறது என்றால், காரணத்தைத் தேடிப் பிடித்தே ஆக வேண்டும்.

## முதலில் எப்படிப் பார்ப்பது

காலையில், வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், சமதரையில் நிற்கும்போது பாருங்கள். மூன்று இடம்: ஆயில் மூடி, ஆயில் ஸ்டிக், கூலண்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) டப்பா. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் சேதி புரியும். மூடியை மட்டும் பார்த்துப் பதறுவதும் தப்பு, ஸ்டிக்கை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதும் தப்பு.

ஸ்டிக்கை உருவியதும் பழைய பனியன் துணியில் துடைக்காதீர்கள். முதலில் அப்படியே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து கீழே வாருங்கள்: கைப்பிடியை ஒட்டிய பகுதி, நடுப்பகுதி, கடைசியில் ஆயிலில் முங்கியிருந்த நுனி. மேல்பகுதியில் மட்டும் வெண்மையாகப் படிந்து, நுனியில் ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ தெளிவாக இருந்தால் அது ஒரு வகை. நுனியே பால் டீ நிறத்தில் இருந்தால் அது வேறு வகை, வேறு செலவு. அப்புறம் வெள்ளைத் துணியில் துடைத்து, துணியில் ஆயிலைச் சுற்றித் தண்ணீர் தனியாக ஊறிப் பரவுகிறதா என்று ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஆயில் அளவு போன தடவை பார்த்ததைவிட ஏறியிருக்கிறதா என்பதும் முக்கியம். ஆயில் குறையலாம், தானாக ஏறக் கூடாது.

## மூடியில் பசை, ஸ்டிக் நுனி சுத்தம், கூலண்ட் குறையவில்லை

அதிகம் காணப்படுவது இதுதான். வண்டி குறைந்த தூரம் ஓடுகிறது அல்லது ஓடாமல் நிற்கிறது என்று அர்த்தம்.

ராமேஸ்வரம் தீவுக்குள்ளேயே ஓடும் கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து ஸ்டேஷன், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வீடு. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கிலோமீட்டர். டேஷ்போர்டில் நீல விளக்கு அணைந்ததும் எஞ்சின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். சூடானது கூலண்ட்தான். ஆயில் சூடாக அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். அதற்குள் வீடு வந்துவிடும், சாவியைத் திருப்பிவிடுவோம். ஆவி உள்ளேயே படியும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் சேரும்.

இதைவிட மோசம் கீழக்கரைப் பக்கம் வீட்டுக்கு வீடு பார்க்கிற ஒரு பழக்கம். வீட்டுக்காரர் துபாயிலோ சவுதியிலோ இருப்பார். கார் போர்ட்டிகோவில் கவர் போட்டு நிற்கும். அங்கிருந்து போனில் காக்காவிடம் (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்), "காக்கா, வாரத்துக்கு ஒருக்கா வண்டிய ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விடுங்க, பேட்டரி இறங்கிடப் போகுது" என்பார். காக்காவும் சொன்ன சொல் தவறாமல் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும் முன் ஸ்டார்ட் பண்ணி, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் நின்ற இடத்தில் ஐட்லிங் ஓடும் எஞ்சினில் ஆயில் சரியாகச் சூடேறாது. குளிர் எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் பீய்ச்சப்படும், அதனால் ஆவியும் அதிகம். செல்ஃப் அடித்ததில் இழந்த கரண்டைக்கூட அந்தப் பத்து நிமிடத்தில் பேட்டரி முழுசாகத் திரும்பப் பெறுவது சந்தேகம். வாரா வாரம் ஆயிலுக்குள் கொஞ்சம் தண்ணீர் சேர்த்ததுதான் மிச்சம். லீவில் வரும் வீட்டுக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கடலைத் திட்டுவார்.

என்ன செய்யலாம்? மூடியையும் அதைச் சுற்றித் தெரியும் இடத்தையும் துணியால் துடையுங்கள். துணி நூல் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் வண்டியை வெளியே எடுத்துச் சென்று ஒரே மூச்சில் 40 நிமிடம், ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ராமநாதபுரத்தில் இருப்பவர் பரமக்குடி போய்வரலாம், தீவில் இருப்பவர் பாம்பன் பாலம் தாண்டி உச்சிப்புளிவரை போய்த் திரும்பலாம். நெடுஞ்சாலை வேகம் வேண்டும். ஊருக்குள் சுற்றுவது கணக்கில் வராது. மறுநாள் காலை மூடியைத் திறந்து பாருங்கள். பசை இல்லை, அல்லது மெல்லிய ஈரப்படலம் மட்டும் இருக்கிறது என்றால் வெறும் ஆவிதான். வாரம் ஒரு முறை இப்படி ஓட்டினால் போதும்.

ஊருக்கு வருவது ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான், ஓட்ட ஆளும் இல்லை என்றால் வண்டியை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். நிறுத்தும் முன் புது ஆயில் மாற்றி, ஒரு நல்ல ஓட்டம் ஓட்டி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவைத்துவிடுங்கள். வாராவாரம் பத்து நிமிடம் ஓடிய எஞ்சினைவிட, சூடாக நிறுத்தி அப்படியே விட்ட எஞ்சினில் ஆயில் சுத்தமாக இருக்கும்.

குறைந்த தூரம் ஓடும் வண்டிக்கு ஆயில் மாற்றுவதைக் கிலோமீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். 10,000 ஆகட்டும் என்று காத்திருந்தால் மூன்று வருடம் போய்விடும். தண்ணீர் ஆயிலில் நிற்கும்போது எரிந்த புகையில் உள்ள வாயுக்களோடு சேர்ந்து அமிலமாகிறது. அமிலத்தை முறிக்க ஆயிலில் கலந்திருக்கும் சரக்கு கரைந்துகொண்டே போகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது. சின்னக் கார் என்றால் மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில்தானே.

சிஎன்ஜி கார், ஹைப்ரிட் கார் இரண்டிலும் பசை கொஞ்சம் சீக்கிரமே தெரியும். சிஎன்ஜிக்குக் காரணம் மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கு. ஹைப்ரிட்டில் எஞ்சின் விட்டுவிட்டு ஓடுவதால் சூடேற நேரமாகும். வைத்தியம் அதேதான்.

## நீண்ட தூரம் ஓட்டியும் பசை திரும்ப வருகிறது, மைலேஜும் குறைந்திருக்கிறது

தெர்மோஸ்டாட் வால்வைப் பாருங்கள். இருக்கிறதா என்பதையே பாருங்கள்.

நம் பக்கத்துப் பட்டறைகளில் எஞ்சின் சூடாகிறது என்று போனால் சொல்லப்படும் முதல் வைத்தியம், "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிரலாம்ணே, நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?" கழற்றிப் போட்டதும் சூடாவது நின்றுவிடும், வண்டிக்காரருக்கும் சந்தோஷம். வால்வு வேலை செய்தால் கூலண்ட் 80, 85 டிகிரி வரும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், அதனால் சீக்கிரம் சூடேறும். வால்வு இல்லாவிட்டால் ஸ்டார்ட் பண்ணிய நொடியிலிருந்தே ரேடியேட்டர் குளிரவைக்க ஆரம்பித்துவிடும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றில் போகும்போது எஞ்சின் 60, 65 டிகிரியிலேயே நிற்கும். கம்ப்யூட்டர் 'எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது' என்று நினைத்துப் பெட்ரோலை அதிகமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும், ஆவி வெளியேறாது. சில எஞ்சின்களில் இந்த வால்வே பைபாஸ் வழியையும் அடைக்கும். அதில் வால்வைக் கழற்றினால் சூடு தணிவதற்குப் பதிலாக, ரேடியேட்டருக்குப் போக வேண்டிய தண்ணீர் குறுக்கு வழியில் சுற்றி, பாரம் ஏற்றும்போது எஞ்சின் கொதிக்கும்.

சோதிப்பது சுலபம். காலையில் குளிர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, ரேடியேட்டருக்கு மேலே வரும் பெரிய ஹோஸைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஃபேன் பக்கம் கை, லுங்கி, துண்டு எதுவும் போகக் கூடாது. வால்வு சரியாக இருந்தால் அந்த ஹோஸ் பல நிமிடம் குளிராகவே இருந்து, வால்வு திறந்ததும் சட்டென்று சுடும். ஸ்டார்ட் பண்ணியதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தால் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் காட்டினால் பி0128 என்ற கோடு பதிவாகியிருக்கலாம். கூலண்ட் வெப்பம் வர வேண்டிய அளவுக்கு வரவில்லை என்பதற்கான கோடு அது. பழைய கார் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முந்தைய சொந்தக்காரர் கழற்றியதை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

வால்வு விலை பெரிதில்லை. ஆனால் அதைத் திரும்ப மாட்டியதும் பழையபடி சூடானால், முதலில் சூடானதற்கான காரணம் அப்படியே இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது உப்படைத்த ரேடியேட்டர்.

வால்வும் சரியாக இருக்கிறது, நீண்ட தூரமும் ஓடுகிறது, ஆனாலும் பசை என்றால் பிசிவி வால்வையும் (உள்ளே சேரும் ஆவியை இன்டேக்குக்கு விடும் வால்வு) பிரீதர் ஹோஸையும் கழற்றிப் பாருங்கள். பல எஞ்சின்களில் பிசிவி வால்வைக் கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பிசுக்கு ஏறி அடைத்திருக்கிறது. ஹோஸை ஊதிப் பார்த்தாலே தெரியும். மாற்றிவிடுங்கள், கழுவிப் போடுவதெல்லாம் நாலு நாளைக்குத்தான்.

## ஸ்டிக் நுனியே பால் டீ நிறம், கூலண்ட் குறைகிறது

இனி வண்டியை ஓட்டாதீர்கள். பட்டறை இரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். கூலண்ட் ஆயிலில் கலந்தால் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஆயில் படலம் நிற்காது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் சிலிண்டர்களுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) வேலையோடு முடிய வேண்டியது, முழு எஞ்சின் வேலையாகிவிடும்.

ஹெட் கேஸ்கெட்தான் போயிருக்கிறது என்பதை உறுதி செய்ய:

கூலண்ட் டப்பாவில் எஞ்சின் ஓடும்போது குமிழ் விடாமல் வருகிறதா என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணிய ஓரிரு நிமிடத்திலேயே, சூடேறும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா என்று அமுக்கிப் பாருங்கள். இரண்டுமே எரிந்த வாயு கூலண்டுக்குள் நுழைகிறது என்பதைச் சொல்லும். எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை, அதில் இனிப்பு வாசம் என்றால் கூலண்ட் எரிகிறது. ஊட்டியில் காலை வேளையில் வெள்ளைப் புகை வருவது இயல்பு, ராமநாதபுரத்தில் சூடான எஞ்சினில் விடாமல் வந்தால் இயல்பில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் மற்றவை பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல் பளிச்சென்று இருக்கும். அந்த சிலிண்டர்தான். நல்ல பட்டறையில் நீல நிறத் திரவம் ஒன்று வைத்திருப்பார்கள். ரேடியேட்டர் வாயில் வைத்து உள்ளிருக்கும் காற்றை அதற்குள் உறிஞ்சினால், எரிந்த வாயு இருந்தால் மஞ்சளாக மாறும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு மட்டும் திறந்துவிடாதீர்கள்.

இந்தக் கரையின் உப்பு எஞ்சினுக்குள் புகும் வழி இதுதான். காற்றில் வருவது அல்ல, நாமே குடத்தில் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றுவது. நம் மாவட்டத்தில் பெரும்பாலான இடங்களில் போர் தண்ணீர் உவர். குடிக்கக் காவிரித் தண்ணீர் வரும்வரை தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக் காத்திருக்கும் ஊர்களில், காருக்கு எந்தத் தண்ணீர் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வழியில் சூடானால் பக்கத்து வீட்டுக் குழாயில் பிடித்து ஊற்றிவிடுகிறோம். அந்த உப்பு அலுமினிய ஹெட்டில் கூலண்ட் போகும் துளைகளின் ஓரத்தைக் குழி குழியாக அரிக்கும். கேஸ்கெட் உட்காரும் பரப்பே போய்விடும். இன்னொரு பக்கம் ரேடியேட்டர் குழாய்களில் சுண்ணாம்பாகப் படிந்து அடைக்கும், எஞ்சின் சூடாகும், பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவார்கள். மேலே சொன்ன கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஹெட்டை இறக்கியதும் நீங்கள் நேரில் போய்ப் பாருங்கள். கேஸ்கெட்டில் இரண்டு சிலிண்டருக்கு நடுவிலோ, சிலிண்டருக்கும் கூலண்ட் துளைக்கும் நடுவிலோ கறுப்புக் கோடு தெரியும், வாயு கசிந்த வழி அது. ஹெட் பரப்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழியில் நகம் மாட்டினால் லேத்தில் கொடுத்துப் பரப்பைச் சமமாகச் சீவி, அதாவது ஃபேசிங் போட்டே ஆக வேண்டும். "பரவால்லண்ணே, கேஸ்கெட் மட்டும் மாத்தினா போதும்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹெட் போல்ட்டுகள் புதிதாகவே போட வேண்டிய எஞ்சின்களும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு, தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றும் ரெடி கூலண்ட்தான். அவசரத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் டிக்கியில் கிடக்கட்டும். காவிரித் தண்ணீர் குடிக்க நல்லது, ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம்.

## கூலண்ட் டப்பாவில் ஆயில் மிதக்கிறது, ஆயில் ஸ்டிக் சுத்தம்

டீசல் வண்டிகளில், கூலண்டைக் கொண்டு ஆயிலைக் குளிரவைக்கும் ஆயில் கூலரைச் சந்தேகப்படுங்கள். ஓடும்போது ஆயில் அழுத்தம் கூலண்ட் அழுத்தத்தைவிட அதிகம், அதனால் ஆயில் முதலில் கூலண்டுக்குள் போகும். அணைத்த பிறகு கூலண்டின் அழுத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்பதால் அது எதிர்வழியாக ஆயிலுக்குள் இறங்கலாம். ஹெட்டை இறக்கும் முன் கூலரைக் கழற்றி அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஹெட் வேலையோடு ஒப்பிட்டால் இது சின்ன வேலை.

## ஆயில் அளவு ஏறுகிறது, வெண்மையே இல்லை

நுனியை மோந்து பாருங்கள். பெட்ரோல் அல்லது டீசல் வாடை அடித்தால் தண்ணீர் பிரச்சினை இல்லை, எரிபொருள் கலக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் கார்கள் பலவற்றில் சைலன்சர் வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க, எஞ்சின் கூடுதலாக டீசல் பீய்ச்சும். அந்த வேலை முடிவதற்குள் வண்டியை அணைத்துக்கொண்டே இருந்தால் டீசல் ஆயிலில் சேரும். இதற்கும் காரணம் குறைந்த தூர ஓட்டம்தான். அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆயிலை மாற்றிவிட்டு, நெடுஞ்சாலையில் நீண்ட ஓட்டம் கொடுங்கள். திரும்ப ஏறினால் இன்ஜெக்டரைக் காட்ட வேண்டும்.

## மழைத் தண்ணீரில் நின்ற வண்டி, அலையில் மாட்டிய வண்டி

2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் தெருவில் நின்ற கார் முங்கிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் செல்ஃப் அடித்துப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தில் செல்ஃப் அடித்ததால் வந்த எஞ்சின் சேதத்துக்குச் சாதாரண இன்சூரன்ஸில் பொதுவாகப் பணம் கிடைக்காது, அதற்குத் தனியாக எஞ்சின் பாதுகாப்பு என்று சேர்த்து எடுத்திருக்க வேண்டும். இருந்தாலும் செல்ஃப் அடிக்காதீர்கள்.

தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கதவுப் பக்கத்தில் விட்டுப்போன சேற்றுக் கோட்டைப் பாருங்கள், போட்டோ எடுத்துவையுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் பிளக்குகளைக் கழற்றிவிட்டுத்தான் எஞ்சினைச் சுற்ற வேண்டும். வண்டியை ஒரு ராத்திரி அசையாமல் நிறுத்தி, காலையில் அடியில் ஆயில் வடிக்கும் ட்ரெயின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினால், ஆயிலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் முதலில் தண்ணீர் வரும், பிறகு ஆயில் வரும். தண்ணீர் வந்தால் முழுக்க வடித்து, ஃபில்டரும் ஆயிலும் புதிது போட்டு, கொஞ்ச நேரம் ஓட்டி, திரும்பவும் வடித்து மாற்ற வேண்டும். இந்த முதல் மாற்றலுக்கு, உங்கள் எஞ்சினுக்கு ஏற்ற கிரேடிலேயே விலை குறைந்த ஆயில் போதும். கியர்பாக்ஸையும் மறக்காதீர்கள். சூடான கியர்பாக்ஸ் குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் பிரீதர் வழியாக உறிஞ்சிக்கொள்ளும்.

கடல் தண்ணீர் என்றால் கதை வேறு. 2017-ல் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்த பிறகும், மணலில் இறக்கி அலை ஓரம் போட்டோ எடுக்கப் போய் மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மணலில் புதைந்த கார் அலை ஏற ஏற இன்னும் இறங்கும். உப்புத் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விட்டால் ஆயில் மாற்றியதோடு விட முடியாது. பேரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒரு சில நாளிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். அன்றைக்கே வடித்து, புது ஆயில் நிரப்பி, பிளக் துளை வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி, கையால் சுற்றிவிட்டு, எஞ்சினைப் பிரிக்கும் பட்டறைக்கு அனுப்புங்கள். இதில் சிக்கனம் பார்த்தால் பிறகு எஞ்சினே வாங்க வேண்டிவரும்.

## தண்ணீர்தானா என்று சந்தேகம்

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் ஆயிலை எடுத்து ஒரு ராத்திரி நிறுத்திப் பார்க்கலாம். தனித் தண்ணீர் இருந்தால் அடியில் கோடாகப் பிரியும். நன்றாகக் கலந்துவிட்டிருந்தால் பிரியாது. அதற்கு ஒரு சோதனை உண்டு: பழைய இரும்புத் தகட்டைத் தண்ணீர்ச் சொட்டு துள்ளி ஓடும் அளவுக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள். தண்ணீர் இல்லாத ஆயில் சத்தமில்லாமல் பரவும். இருந்தால் படபடவென்று பொரியும். வீட்டுக்கு வெளியே, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், புகை வரும் அளவுக்குச் சூடாக்காதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் புது ஆயிலில் ஒரு சொட்டையும் விட்டுப் பாருங்கள், வித்தியாசம் காதுக்கே தெரியும்.

## சரி செய்த பிறகு கழுவுவது

ஆயிலில் கூலண்ட் கலந்திருந்தால் ஒரு தடவை மாற்றினால் போகாது. டேப்பெட் கவரைக் கழற்றி உள்ளே ஒட்டியிருக்கும் பசையைத் துடைத்தெடுத்து, முடிந்தால் ஆயில் சேம்பரையும் இறக்கி, ஆயில் உறிஞ்சும் சல்லடையைப் பார்க்கச் சொல்லுங்கள். பசை அங்கே போய் அடைத்தால் ஆயில் லைட் எரியும். டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி எஞ்சினை ஓடவிட்டுக் கழுவும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதில் பேரிங்குக்கு வழவழப்பே கிடைக்காது. விலை குறைந்த ஆயிலை ஊற்றி, சூடாகும்வரை ஓட்டி, வடித்து, ஃபில்டரோடு மாற்றுங்கள். வடிந்த ஆயில் இன்னும் பால் டீ நிறமாக இருந்தால் இன்னொரு தடவை.

வடித்த ஆயிலைத் தெருவோரமோ கண்மாய்க் கரையிலோ கொட்டாமல், பழைய ஆயில் வாங்குபவர்களுக்குக் கொடுங்கள், பட்டறைக்காரருக்கே ஆள் தெரியும். கடைசியாக ஊற்றிய ஆயிலின் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். முதல் மாதம் வாரம் ஒரு முறை காலையில் மூடி, ஸ்டிக், கூலண்ட் டப்பா மூன்றையும் பார்த்து, அளவை அதே சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கூலண்ட் அந்த மாதத்தில் ஒரு விரல் இறங்கியிருந்தாலும் பட்டறைக்கு அந்தச் சீட்டோடு போங்கள்.